ஓதும் வகுப்பில் உறங்கும் பிள்ளைகள்

 

சுப்ஹுத் தொழுகைக்குப் பின் மதரஸா வகுப்பு தொடங்கியதும் சிறு பிள்ளைகள் உற்சாகமாக ஓதத் தொடங்கிவிடுவர். பின்வரிசையில் இருக்கும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளோ ஓதிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்துவிடுவர். உஸ்தாதுகளாகிய நாம் இதனைச் சோம்பல் என்றே கருதி வந்தோம். கண்டித்தோம், எழுந்து நிற்க வைத்தோம், ஷைத்தானின் ஊசலாட்டம் என்றும் சொன்னோம். அத்தீர்ப்பில் நாம் அவசரப்பட்டுவிட்டோம்.

அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகப் பேராசிரியை மேரி கார்ஸ்கடன், பல பதிற்றாண்டுகளாக வளரிளம் பருவத்தினரின் உறக்கத்தை ஆராய்ந்து வருபவர். 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், உறக்கவியல் முன்னோடியான வில்லியம் டிமென்ட்டுடன் இணைந்து சிறார்களுக்குக் கோடைக்கால உறக்க முகாம்களை நடத்தினார். அதே பிள்ளைகள் ஆண்டுதோறும் வந்தனர். இரவில் படுக்கையில் இருக்க அவர்களுக்குப் பத்து மணி நேரம் தரப்பட்டது. வயது கூடக்கூட உறக்கத்தின் தேவை குறையும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் எல்லா வயதினரும் 9 மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகவே உறங்கினர். அதே அளவு உறங்கியும், பருவமடைந்த பிள்ளைகளே பகலில் அதிகம் சோர்ந்தனர்.

பின்னர், காலை 7.20 மணிக்குப் பள்ளி தொடங்கிய மாணவர்களை ஆராய்ந்து, 1998இல் அதன் முடிவை வெளியிட்டார். காலையில் படுக்க வைத்துச் சோதித்தபோது, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கனவுறக்கத்திற்குள் நேராக விழுந்தனர். உறக்க நோயாளிகளிடம் காணப்படும் நிலை அது! உறக்க வேளையை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் என்னும் சுரப்பை உமிழ்நீரில் அளந்தபோது காரணம் தெளிவாயிற்று. பருவ வயதில் அது இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. நாம் எழுப்பும் வேளையில் அவர்களின் உடலுக்கு இன்னும் இரவு முடியவில்லை.

அப்படியானால் சுப்ஹுத் தொழுகையில் சலுகை தரலாமா? ஒருபோதும் இல்லை. ஆனால் இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்தறிய வேண்டும். தொழுகையின் நேரம் அல்லாஹ் விதித்தது. வகுப்பின் நேரம் நாம் வகுத்தது. முன்னதை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. பின்னதை மாற்ற நமக்கு ஏன் தயக்கம்? 2016இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் தன் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தைக் காலை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியது. மாணவர்களின் அன்றாட உறக்கம் 34 நிமிடம் கூடியதை ஆய்வாளர்கள் கண்டனர்.

எனவே, பருவமடைந்த பிள்ளைகளின் ஓதல் வகுப்பை அஸருக்குப் பின் அல்லது மஃரிபுக்குப் பின் வைக்க மஹல்லா நிர்வாகிகள் ஆலோசிக்க வேண்டும் என்பதே நம் கருத்து. காலை நேரத்தில் பரக்கத் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், நபி (ஸல்) அவர்கள் அதற்காக துஆச் செய்திருக்கிறார்கள். ஆனால் இரவில் உறங்கி எழுந்தவனே அந்தப் பரக்கத்தை அடைய முடியும்.

இங்கேதான் வீட்டின் பொறுப்பு தொடங்குகிறது. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் இருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். நம் வீடுகளிலோ இஷாவுக்குப் பின்தான் பேச்சும் தொலைக்காட்சியும் களைகட்டுகின்றன. இரவில் கண்ணில் படும் வெளிச்சம் மெலடோனினை மேலும் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே பிந்தி ஓடும் கடிகாரத்தைக் கைப்பேசியால் நாமே இன்னும் பின்னுக்குத் தள்ளுகிறோம். நள்ளிரவு வரை விளக்கணையாத வீட்டிலிருந்து வரும் பிள்ளையை விடியற்காலையில் கடிந்துகொள்வது எந்த வகையில் நீதி?

இஷாவுக்குப் பின் பிள்ளைகளின் கைப்பேசியோடு நம் கைப்பேசியையும் கூடத்தில் வைத்துவிடுவோம். விளக்குகளை முன்னதாக அணைப்போம். விடுமுறை நாளில் பகலில் சற்றுநேரம் கைலூலா எனும் சுன்னத்தான உறக்கத்திற்கு இடமளிப்போம். அதன் பின்னும் ஒரு பிள்ளை வகுப்பில் தலைசாய்ந்தால், கண்டிப்பதற்கு முன், "நேற்றிரவு எப்போது உறங்கினாய்?" என்று கனிவோடு கேட்போம்.

உறக்கத்தை ஓய்வாக்கித் தந்த அல்லாஹ், நம் பிள்ளைகளின் இரவிலும் காலையிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.