அரசனை ஊர்ச்சேவகன் என்றவர்

வன்னியில் எங்கள் கனகராயன்குளம் பக்கம் பௌத்தம் என்ற பேச்சு எடுத்தாலே அது காணி பறிபோகும், சிலை முளைக்கும் என்ற பயத்தில்தான் போய் நிற்கும். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக ஆரியதேவர் என்ற பௌத்த அறிஞரை நாங்கள் கைவிட்டுவிடக் கூடாது.

கி.பி. 3ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவர். சிங்களத் தீவில் அரசன் மகனாகப் பிறந்து, துறவியாகி, கடல் கடந்து போய் பௌத்த மெய்யியலாளர் நாகார்ச்சுனரின் மாணாக்கரானார் என்று அவருடைய நூலுக்கு உரை செய்த சந்திரகீர்த்தி எழுதுகிறார். அவர்களின் முதற் சந்திப்பைச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் சொல்கிறார். வாதாட வந்திருப்பவரிடம் நாகார்ச்சுனர் ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் அனுப்பினாராம். ஆரியதேவர் ஒன்றும் பேசாமல் அதற்குள் ஓர் ஊசியைப் போட்டாராம். உங்கள் அறிவு ததும்புகிறது, நான் அதன் அடிவரை போகத்தான் வந்தேன் என்று பொருள்.

அவர் எழுதிய சதுச்சதகம் 16 அதிகாரம், 400 செய்யுள். வடமொழியில் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது, முழுதும் இருப்பது திபெத்திய மொழியில். அதன் நாலாம் அதிகாரம் அரசனின் செருக்கைப் பற்றியது. விளைச்சலில் ஆறிலொரு பங்கைக் கூலியாக வாங்கி ஊருக்கு வேலை செய்கிறவன்தானே நீ, உனக்கென்ன பெருமை என்று கேட்கிறார். அரசன் மகன் கேட்ட கேள்வி இது! சேற்றில் நின்று காலபோகம் விதைக்கிற எங்கள் ஆட்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. போரில் செத்தால் சொர்க்கம் என்ற அரசர்களின் கதையையும் அங்கேயே மறுக்கிறார். இந்த மண்ணில் இருந்துகொண்டு அந்த இடத்தைப் படிப்பது இலகுவில்லை.

அவர் முடிவை, குமாரசீவர் பெயரில் சீன மொழியில் உள்ள வரலாறு சொல்கிறது. வாதத்தில் தோற்ற ஒருவரின் மாணவன் காட்டில் பதுங்கியிருந்து அவர் வயிற்றைக் கிழித்தான். உயிர் போகுமுன் ஆரியதேவர், என் சீவர ஆடையையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு மலைப்பக்கமாக ஓடு, விளக்கம் போதாத என் சீடர்கள் உன்னைப் பிடித்துவிடுவார்கள் என்று அவனை அனுப்பிவைத்தார்.

இதைக் காட்டி யாரையும் மன்னிக்கச் சொல்ல நான் வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு வீதியோரம் இருக்கும் தாயிடம் அப்படிக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. நான் கேட்பது ஆளுகிறவர்களிடம். 1978 அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அந்த உறுப்புரையை மேடையில் தூக்கிப் பிடிக்கிறவர்கள், இந்தத் தீவில் பிறந்த அந்தப் பௌத்தரின் நாலாம் அதிகாரத்தையும் அதே மேடையில் வாசிக்கட்டும்.