துணிவுக்கும் நாற்றங்கால் வேண்டும்

காஞ்சிபுரம் மாவட்டம், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள சுங்குவார்சத்திரம், ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரிப் பாசன நெல்லையும் நிலக்கடலையையும் நம்பியிருந்த கிராமங்களுக்கு நடுவே இருந்த ஒரு சாலையோர ஊர். 1998ஆம் ஆண்டில் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2007இல் சுங்குவார்சத்திரத்திலேயே சாம்சங் தொழிற்சாலை வந்தது. பிறகு ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் வந்தது. தெற்கே ஒரகடம் வரை கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. இன்று இந்தப் பகுதியில் ஒரே குடும்பத்தில் தகப்பனார் சொர்ணவாரிக்கு நாற்று விடுகிறார். மகன் ஒப்பந்தத் தொழிலாளியாக இரவு ஷிப்டுக்குப் போகிறார். மகள் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்.

விரிவாக்கப் பணியில் இருப்பவர்களிடம் விவசாயிகள் கேட்கும் கேள்விகளும் மாறிவிட்டன. முன்பெல்லாம் எந்த ரகம், எவ்வளவு உரம், புகையானுக்கு என்ன மருந்து என்று கேட்பார்கள். இப்போது நிலத்தைக் கொடுத்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது, பெண்ணைக் கம்பெனிக்கு அனுப்பலாமா, கம்பெனி நின்றுவிட்டால் மறுபடியும் கலப்பையைப் பிடிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “தைரியமாக இருங்கள்” என்பதுதான்.

இந்தப் பதில் போதாது என்பது என் கருத்து. கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பவரிடம் தைரியத்தைப் பற்றிப் பேசுவது, விதை கொடுக்காமல் மகசூலைப் பற்றிப் பேசுவது போன்றது. தைரியம் பிறவியில் சிலருக்கு வாய்க்கும் குணம் மட்டுமல்ல, சிறிது சிறிதாக வளர்த்துக் கொள்ளக் கூடியதும்கூட. அப்படி வளர்க்கும் முறையை விவசாயிக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதும் என்பது நாம் அறிந்ததே. அந்த 8 சென்டைச் சரியாகக் கவனித்தவருக்கு ஒரு ஏக்கரைப் பற்றிய கவலை பாதி குறைந்துவிடும். வாழ்க்கை மாறும்போதும் இதே முறைதான் உதவும்.

பயப்படுவது தவறல்ல

புதியதைக் கண்டு விவசாயி தயங்கினால் அவரைப் பழமைவாதி என்று சொல்வது சுலபம். விரிவாக்கக் கல்வி படிக்கும் மாணவர்கள் எல்லோரும் அறிந்த ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் இரண்டு ஊர்களைச் சேர்ந்த 259 விவசாயிகள் வீரிய ஒட்டு மக்காச்சோளத்தை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டார்கள். 1928 முதல் 1941 வரையான காலத்தில் இரண்டு பேரைத் தவிர அனைவருமே புதிய விதைக்கு மாறியிருந்தார்கள். ஆனால் யாரும் கேள்விப்பட்ட உடனே நிலம் முழுவதும் விதைத்துவிடவில்லை. முதலில் ஒரு சிறு பகுதியில் போட்டுப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு பரப்பைக் கூட்டினார்கள்.

இன்னொரு விஷயத்தையும் அந்த ஆய்வு காட்டியது. புதிய விதையைப் பற்றிப் பலர் முதலில் கேள்விப்பட்டது விதை விற்க வந்தவரிடம். ஆனால் அவர்களை நம்ப வைத்தது பக்கத்து நிலத்துக்காரரின் அனுபவம்.

1966க்குப் பிறகு ஐ.ஆர்.8 நெல் வந்தபோது நம் ஊர்களிலும் இப்படித்தான் நடந்தது. கவலை ஏற்றத்தை விட்டு மின்சார பம்புசெட்டுக்கு மாறியதும், ஆறு மாதச் சம்பாவை விட்டுக் குறுகிய கால ரகங்களுக்கு வந்ததும் அப்படித்தான். சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியுள்ள குடும்பங்கள் இதற்கு முன்பும் பெரிய மாறுதல்களைக் கண்டவை. பயத்தை ஒளித்து வைத்து அவர்கள் அவற்றைக் கடக்கவில்லை. தங்கள் பயத்துக்கு ஒரு சோதனை வயலைக் கொடுத்தார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி ஆற்றில் இறங்கவே கூடாது என்று சொல்லவில்லை. கோலை ஊன்றிப் பார்த்துவிட்டு இறங்கு என்பதே அதன் பொருள்.

ஆகவே, வேலைக்கு ஆள் சேர்க்கும் தரகரும் நிலம் வாங்க வரும் தரகரும் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள். அந்தத் தொழிற்சாலையில் ஐந்தாண்டு வேலை செய்தவரையும், வேலையை விட்டு வந்தவரையும், நிலம் கொடுத்துப் பத்தாண்டு ஆனவரையும் தேடிப்போய்ப் பேசுங்கள்.

நோக்கியா தந்த பாடம்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2006ஆம் ஆண்டு தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்கள், ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். கம்பெனியின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் வாங்கியபோது, வரி வழக்கு காரணமாக இந்தத் தொழிற்சாலை அதில் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. எட்டு ஆண்டுகள் உலகத்துக்கே கைப்பேசி செய்த இடத்தில் கதவு சாத்தப்பட்டது. மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையும் 2021 செப்டம்பரில் மூடும் முடிவை அறிவித்து, 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது.

இதைச் சொல்வது தொழிற்சாலை வேலை வேண்டாம் என்பதற்காக அல்ல. நோக்கியா மூடிய இடத்தில் பிறகு சால்காம்ப் என்ற நிறுவனம் கைப்பேசி சார்ஜர் தயாரிக்க வந்தது. இதே வட்டாரத்தில் வேறு பல தொழிற்சாலைகளும் பெருகின. வேலை இந்த வட்டாரத்தை விட்டுப் போய்விடவில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட வேலை குறிப்பிட்ட ஒருவரிடம் நிலைத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. பருவமழை பொய்ப்பதைப் போல ஆர்டரும் பொய்க்கும். மழையை மட்டும் நம்பி ஒரே பயிர் வைப்பவர் படும் கஷ்டத்தை அறிந்த நாம், முழுக் குடும்பத்தையும் ஒரே கம்பெனிச் சம்பளத்தில் கட்டிவிடலாமா?

நிலம் மீதம் உள்ளவர்கள், அது அரை ஏக்கரே ஆனாலும், அதைத் தரிசாகப் போட வேண்டாம். கோ 51 போன்ற 105 முதல் 110 நாள் வயதுள்ள நெல் ரகங்கள், ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களின் குடும்பத்துக்கும் ஒத்து வரும். முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். தொழிலாளர் விடுதிகளும் உணவகங்களும் நிறைந்த ஒரு வட்டாரத்தில் கீரைக்கும் காய்கறிக்கும் பாலுக்கும் கிராக்கி இருக்கத்தான் செய்யும். இந்தச் சிறு வருமானம் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனால் சம்பளம் நின்ற மாதத்தில் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிச்சயத்தைத் தரும். அந்த நிச்சயத்திலிருந்துதான் அடுத்த வேலையைத் தேடிப் போகும் தைரியம் பிறக்கிறது.

விதைநெல்லைத் தின்னாதீர்கள்

நிலம் போகும் நிலையில் இருப்பவர்களின் சங்கடம் இன்னும் பெரிது. 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம மக்கள் அந்த ஆண்டு முதலே போராடியதை நாடறியும். கொடுக்க மாட்டேன் என்று நிற்பதற்கும் தைரியம் வேண்டும். கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதற்கும் தைரியம் வேண்டும். எது சரி என்று வெளியிலிருந்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கொடுப்பது என்று ஆகிவிட்டால், அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைப் பற்றி விரிவாக்கத் துறை பேசலாம், பேசவும் வேண்டும்.

நிலத்துக்குக் கிடைக்கும் பணம் வருமானம் அல்ல, விதைநெல். நிலம் ஆண்டுதோறும் கொடுத்ததை இந்தப் பணம் இனி மாதந்தோறும் கொடுக்க வேண்டும். 10 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 70,000 ரூபாய் வரும். அதாவது மாதம் 5,800 ரூபாய் போல. அதே 10 லட்சம் மாடி வீடாகவும் காராகவும் கல்யாணப் பந்தலாகவும் மாறினால் மாதம் ஒன்றும் வராது. கார் கடனுக்கு நாம்தான் கட்ட வேண்டும். நில எடுப்பு பற்றிய 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் மறுவாழ்வு அட்டவணை, வேலை, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம், அல்லது மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 20 ஆண்டுகள் என்று மூன்று வழிகளை வைத்திருக்கிறது. மொத்தப் பணத்தோடு மாத வருமானத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருப்பதாகத்தான் இதைக் கொள்ள வேண்டும்.

பணம் வந்த முதல் ஆறு மாதம் எதையும் வாங்குவதில்லை என்று குடும்பமாக ஒரு முடிவு செய்து கொள்வது நல்லது. விதைநெல்லை ஈரத்தோடு கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். அவசரத்தில் செய்யும் செலவும் அப்படித்தான்.

பெண்களும் கூட்டுப் பலமும்

இன்று இந்த வட்டாரத்தில் வேலைக்காக ஊரை விட்டு வந்து தங்கியிருப்பவர்களில் இளம்பெண்கள் ஏராளம். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றார்கள். அவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் மூடப்பட்டு, விடுதி வசதிகளைச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக் கூடிய குடியிருப்பை அரசு திறந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரமும் ஊதிய உயர்வும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அது 37 நாள் நீடித்தது. 2025 ஜனவரியில் அவர்களுடைய சங்கம் பதிவு பெற்றது.

கோரிக்கைகளைப் பற்றி அவரவர்க்கு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனியே மேஸ்திரியிடம் பேசக் கூச்சப்படும் 20 வயதுப் பெண்ணும், பக்கத்தில் பத்துப் பேர் நின்றால் பேசுகிறாள். ஏரிக்கரை உடைந்தால் தனி ஆளாக யாரும் அடைக்கப் போவதில்லை. ஊரே மண்வெட்டியோடு போகும். தைரியத்தில் பாதி தனி மனிதருடையது அல்ல, கூட இருப்பவர்களுடையது. ஆகவே பெண்ணை வேலைக்கு அனுப்பும் பெற்றோர், “பயப்படாதே” என்று சொல்லி அனுப்புவதோடு நிற்காமல், ஒரே ஊரிலிருந்து நாலைந்து பேரைச் சேர்த்து அனுப்பப் பாருங்கள். எந்த நாளிலும் திரும்பி வரலாம், வீட்டுக் கதவு திறந்தே இருக்கும் என்று சொல்லுங்கள். திரும்பி வரலாம் என்று தெரிந்தவர்தான் துணிந்து தூரம் போவார்.

செய்ய வேண்டியவை

1. வேலையில் சேரும்போது நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பயிற்சியாளரா, ஒப்பந்தமா, நிரந்தரமா, எத்தனை மாதம் என்பதைப் படித்துத் தெரிந்து கொள்ளுங்கள்.

2. சம்பளம் வேலை செய்பவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். பெண்களுக்கு இது மிக முக்கியம்.

3. வருங்கால வைப்பு நிதி எண்ணைக் குறித்து வையுங்கள். வேலை மாறும்போது பணத்தை எடுத்துவிடாமல் புதிய இடத்துக்கு மாற்றுங்கள். பத்தாண்டு சேவை சேர்ந்தால் 58 வயதில் ஓய்வூதியத்துக்கு உரிமை வரும்.

4. மூன்று மாதக் குடும்பச் செலவுக்கான தொகையைத் தனியே ஒதுக்கிய பிறகே தவணையில் வண்டி வாங்குங்கள்.

5. வேலை இருக்கும்போதே இரண்டாவது தொழிலைச் சிறிய அளவில் பழகுங்கள். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கால்நடை, கோழி வளர்ப்பு பற்றி அறிந்து கொள்ளலாம். நெல் ரகங்கள் பற்றித் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்கலாம். இரண்டு ஆடு வளர்த்துப் பார்க்காமல் கடன் வாங்கி ஐம்பது ஆட்டுக்குக் கொட்டகை போட வேண்டாம்.

6. பெரிய முடிவு எதையும் கணவன், மனைவி, வயது வந்த பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து பேசாமல் எடுக்காதீர்கள்.

அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வார்த்தை. நிலம் போன பிறகு தொழிற்பயிற்சி முகாம் நடத்துவது, கதிர் வந்த பிறகு அடியுரம் இடுவதைப் போன்றது. நில எடுப்பு அறிவிப்பு வெளியாகும் அன்றே அந்தக் கிராமத்துக்கு வேளாண்மை, கால்நடை, வங்கி, தொழிலாளர் நலத் துறை அலுவலர்கள் ஒன்றாகப் போய் உட்கார வேண்டும். பயிருக்கு மட்டுமல்லாமல், பயிரிடுவதை விட வேண்டிவரும் குடும்பத்துக்கும் விரிவாக்கப் பணி தேவை. சுங்குவார்சத்திரம் போன்ற ஒரு வட்டாரத்தில் இதைச் செய்யாவிட்டால் வேறு எங்கே செய்யப் போகிறோம்?

நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்ட பயிர் சில நாட்கள் வெளிறித்தான் நிற்கும். அதைப் பார்த்து அனுபவசாலி விவசாயி பதறுவதில்லை. தண்ணீரை அளவாகக் கட்டி, வேர் பிடிக்கும் வரை பொறுத்திருப்பார். புதிய வேலையில் சேர்ந்த முதல் மாதங்களும், நிலம் கொடுத்த முதல் ஆண்டும், வேலை இழந்து வீடு திரும்பிய நாட்களும் அப்படிப்பட்டவையே. அந்த நாட்களில் தம்மையும் தம் பிள்ளைகளையும் கோழைகள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அடுத்த பட்டம் தொடங்குவதற்குள், மேலே சொன்ன ஆறில் ஒன்றையாவது ஒவ்வொரு குடும்பமும் தொடங்கிவிட வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.