பாயிண்ட் கணக்கும் வெளிச்சக் கணக்கும்

பழைய வீட்டில் ஓர் அறையைப் புதுப்பிக்கும் வேலை வந்தால், முதலில் எழும் கேள்வி ‘எத்தனை பாயிண்ட்?’ என்பதுதான். மதிப்பீடும் பாயிண்டில், கூலியும் பாயிண்டில், பேரமும் பாயிண்டில். எண்ணுவதற்கு எளிது என்பதால் வந்த வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் கூலிக்கு வைத்த கணக்கே நாளடைவில் வடிவமைப்பாகவும் ஆகிவிட்டது. வெளிச்சம் எதன்மேல் விழவேண்டும் என்று யாரும் கேட்பதற்கு முன்பே, பால்ஸ் சீலிங் வரைபடத்தில் பன்னிரண்டு வட்டங்கள் போட்டாகிவிடுகிறது. அவற்றில் பாதி தேவையற்றவை, சில கெடுதலானவை என்பது நம் கருத்து.

நாம் கழற்றிப் போடும் பழைய டியூப்லைட்டை ஒருமுறை கவனிக்கலாம். சுவரில் ஏழரை அடி உயரத்தில் இருந்த அந்தக் குழல் எல்லாப் பக்கமும் ஒளி வீசியது. மேலே போன ஒளி வெள்ளையடித்த சீலிங்கில் பட்டுப் பரவி, நிழல்களை மென்மையாக்கிக் கீழே வந்தது. சீலிங்குக்குள் புதைத்த டவுன்லைட் கீழே மட்டுமே பார்க்கும். தரையில் லக்ஸ் மீட்டரை வைத்தால் எண் குறையாது, கூடவும் செய்யலாம். ஆனால் சீலிங்கும் சுவரின் மேற்பகுதியும் இருண்டுவிடுவதால் அறையே மங்கலாகத் தோன்றும். உள்ளே வருகிறவரின் கண்ணில் முதலில் படுவது தரையல்ல, எதிர்ச் சுவர். ‘இன்னும் ரெண்டு லைட் போடுங்க’ என்று வாடிக்கையாளர் சொல்வது இதனால்தான். நாமும் மறுபடி சீலிங்கிலேயே துளை போடுகிறோம். மின்விசிறியையும் மறந்துவிடுகிறோம். 1200 மி.மீ. விசிறியின் இறக்கைகள் சீலிங்குக்கு ஓரடி கீழே சுழலும்போது, பக்கத்து டவுன்லைட்டின் ஒளி அறுபட்டு அறுபட்டு இறங்கும். கீழே உட்கார்ந்து படிப்பவர் எரிச்சலடைவார். டியூப்லைட் இறக்கை மட்டத்துக்குக் கீழே இருந்ததால் இந்தத் தொல்லை கிடையாது. அதை அங்கே மாட்டிய அந்தக்கால வயர்மேன் எந்தப் பாடநூலையும் பார்த்திருக்கத் தேவையில்லை.

எல்.இ.டி. மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறதே, எத்தனை வைத்தால் என்ன என்று கேட்கலாம். 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டன. மின்சாரம் மிச்சமானது, ஒரு குண்டு பல்பு இருந்த இடத்தில் ஒரு எல்.இ.டி. வந்ததால். நம் வேலையில் நடப்பது வேறு. 36 வாட் குழலும் பழைய இரும்புச் சோக்கும் சேர்ந்து ஏறத்தாழ 48 வாட் இழுத்தன. அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. பேட்டன் போதும். ஆனால் 12 வாட் டவுன்லைட் பன்னிரண்டு வைத்தால் 144 வாட். பழையதைப்போல மூன்று மடங்கு. போதாததற்கு, மொட்டைமாடித் தளத்துக்கும் ஜிப்சம் போர்டுக்கும் இடையே கோடையில் அடைபடும் சூட்டில்தான் டிரைவர் கிடந்து வேகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதிலுள்ள மின்தேக்கியின் ஆயுள் பாதியாகும் என்பது நாம் எல்லோரும் அறிந்த கணக்கு. உத்தரவாதக் காலம் முடிவதற்குள் வரும் புகார்களுக்கெல்லாம் விளக்கையே குறை சொல்ல முடியாது.

சமையலறையில் பிசகு இன்னும் வெளிப்படை. நடுசீலிங்கில் விளக்கு இருந்தால், மேடைமுன் நிற்பவரின் நிழல் காய் நறுக்கும் பலகைமேல் விழுகிறது. மேடையோ பெரும்பாலும் கருப்பு கிரானைட். வெள்ளை டைல்ஸ் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பித் தரும். கருப்பு கிரானைட் பத்தில் ஒரு பங்குகூடத் தராது. சீலிங்கில் வாட் கூட்டினால் நிழலும் கூடவே அழுத்தமாகும். மேல் அலமாரிக்கு அடியில், முன்விளிம்பை ஒட்டி ஒரு புரொஃபைல் லைட் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. வீட்டில் முதியவர் இருந்தால் இது சொகுசு அல்ல. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணுக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

‘வாடிக்கையாளர்தான் பளிச்சென்று வேண்டும் என்கிறார்’ என்பது அடுத்த மறுப்பு. உண்மை. அதற்கு நாம் கொடுப்பதெல்லாம் 6500 கெல்வின். அவர் கேட்பது தெளிவை. நீலம் கலந்த வெள்ளையை அல்ல. 4000 கெல்வினில், நிறங்காட்டும் குறியீடு 90-க்கு மேலுள்ள விளக்கை நிலைக்கண்ணாடி அருகே வைத்து, ஓர் அரக்குப் பட்டுப்புடவையை விரித்துக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது. சாதாரண எல்.இ.டி.யில் அந்த அடர்சிவப்புதான் முதலில் சோபை இழக்கும்.

கனமான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது: இப்படி யோசிக்கும் நேரத்துக்குக் கூலி யார் தருவார்? பாயிண்ட் குறைந்தால் வருமானமும் குறையுமே. இதை மழுப்ப வேண்டியதில்லை. பாயிண்ட் கூலியை மட்டும் நம்பியிருக்கும்வரை குறையத்தான் செய்யும். அதனால் வெளிச்ச வரைபடத்துக்கு மதிப்பீட்டில் தனி வரி போட்டுக் கேட்கவேண்டும் என்கிறோம். டைல்ஸ் ஒட்டியபின் சுவரை உடைத்து ஒரு பாயிண்டை நகர்த்த ஆகும் செலவைச் சொன்னால், அந்த வரி பெரிதாகத் தெரியாது. வாடகை வீட்டுக்கும் சிறு முதலீட்டுக்கும் இவ்வளவு வேண்டாம். பழைய டியூப்லைட் இடத்திலேயே ஒரு பேட்டன் போதும், சீலிங் வேலையே தேவையில்லை. மற்ற வீடுகளில், காடி வெட்டுவதற்கு முந்தைய நாள் இருட்டியபின் ஒரு ஹோல்டர், பத்து மீட்டர் வயர், ஒரு 9 வாட் பல்பு எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டுக்காரர் மேடைமுன் நிற்கட்டும், கட்டிலில் சாயட்டும், கண்ணாடி பார்க்கட்டும். பல்பை நகர்த்திக்கொண்டே போய், ‘இங்கேதான்’ என்று அவர் சொல்லும் இடத்தில் சுவரில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டு வரலாம்.