அடுக்களையில் எத்தனை பேணி?

தேநீரும் கோப்பியும் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதை எவரும் அறிவர். தென்னிலங்கைக் கிராமத்தார் கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்தபடி பாலற்ற தேநீரைப் பருகுவர். தமிழகத்தார் வடிகட்டியில் இறக்கிய கடுங்கோப்பியைப் பாலோடு கலந்து ஆற்றிக் குடிப்பர். யாழ்ப்பாணத்து வீட்டிலோ கோப்பிக் கொட்டையுடன் மல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் சேர்த்து வறுத்து, உரலில் இடித்து, அரித்துப் போத்தலில் அடைத்து வைக்கும் வழக்கம் உண்டு. 1869 இல் கண்ட இலைநோயினால் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அந்நிலத்தைக் கைப்பற்றிய பின்னரும், வடபுலத்து அடுக்களையிலிருந்து அந்த மணம் அகலவில்லை. செத்தவீட்டில் இராமுழுதும் விழித்திருப்போருக்கு அதுவே துணை. தடிமனுக்கும் அதுவே முதல் மருந்து. இவ்வேறுபாடுகளால் எவருக்கும் தீங்கில்லை.

ஆயின், காய்ச்சியதை ஊற்றும் பாத்திரத்தைப் பற்றி அவ்வாறு கூற முடியுமா?

மூக்குப்பேணி எம்மவர் பெருமையோடு எடுத்துக் காட்டும் பொருள். உதடு படாமல் அண்ணாந்து பருகுதற்கேற்ற அதன் அமைப்பைச் சுகாதாரம் என்று புகழ்வோர் உளர். இருக்கட்டும். வேலி அடைக்க வந்தவருக்கும் புகையிலைத் தோட்டம் கொத்த வந்தவருக்கும் சிரட்டையும் துருப்பிடித்த தகரப்பேணியும் வீட்டுக்கோடியில் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தனவே, அதற்கு எந்தச் சுகாதார நூல் விதி செய்தது? அதே கோப்பி, அதே மல்லி, காய்ச்சியதும் அதே கை. பாத்திரம் மட்டும் வேறு!

கடைகளிலும் இவ்வழக்கே ஆட்சி செய்தது. ஒருவருக்குக் கண்ணாடிக் குவளை. மற்றவருக்கு வெறும் போத்தல். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. எனினும் சட்டம் ஏட்டிற் கிடந்தது. 1960களின் பிற்பகுதியில் சங்கானை முதலிய இடங்களில் மக்கள் கடைக்குள் நுழைந்து, இருந்து தேநீர் கேட்டுப் போராடி, குருதியும் சிந்திய பின்னரே அது கடைவாசலைக் கடந்தது. சட்டம் பயின்ற நாம் ஒன்றை ஒளியாமற் கூறுவோம்: அச்சட்டம் கடை, பாடசாலை, கோயில் போன்ற பொது இடங்களுக்கே உரியது. வீட்டு அடுக்களைக்குள் பொலிசார் புகுந்து பேணிகளை எண்ணப் போவதில்லை.

இன்று சிரட்டை எங்கே என்று கேட்பர் சிலர். மெய்தான், சிரட்டை போய்க் கடதாசிக் குவளை வந்துவிட்டது. வந்தவர் அனைவருக்கும் அதுவே என்றால் எமக்கு வழக்கில்லை. ஒருவருக்கு மட்டும் அது நீட்டப்படும்போது அவருக்கு விளங்காதா? மறுதலையாக, அவர்கள் வீட்டுக்கு எம்மவர் சென்றால் நடப்பதைப் பாருங்கள். “தேத்தண்ணி வேண்டாம், வெய்யிலுக்குச் சோடா போதும்” என்பார்கள். மூடி திறவாத சோடாவில் அவ்வீட்டுக் கிணற்று நீர் இல்லை, அவ்வீட்டுப் பெண்ணின் கை படவில்லை. இந்த நுட்பத்தை அங்குள்ள சிறுபிள்ளையும் அறியும். வைத்தியரும் அப்புக்காத்தும் ஆசிரியரும் இதிற் சளைத்தவரல்லர்; கமக்காரராவது தோட்டத்து வரம்பில் கூலியாளோடு ஒரே கேத்தலிலிருந்து குடிக்கப் பழகி வருகின்றார்.

அரசு எம்மை இரண்டாந்தரக் குடிகளாக நடத்துகின்றது என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அது உண்மை, முழங்கத்தான் வேண்டும். எமது முற்றத்திலேயே இரண்டாந்தரப் பேணி இருக்குமாயின் அம்முழக்கத்தை எவர் நம்புவர்?

வாக்குக் கேட்டுப் படலை திறக்கும் தொண்டர்களுக்கு நாம் இட்ட கட்டளை இதுதான்: எந்த வீட்டிலும் தரப்படும் தேநீரை இருந்து குடியுங்கள், சோடா கேளாதீர்கள். பின்னர் அவ்வீட்டாரை உங்கள் வீட்டுக்கு அழைத்து, உள்ளே இருத்தி, நீங்கள் அருந்தும் அதே பேணியிற் கொடுங்கள். இதனைக் கேட்டுத் தொண்டர் இருவர் விலகிக்கொண்டனர். அவர்கள் இடத்துக்கு வேறிருவரைத் தேடுகின்றோம்.