தயவன்று, உரிமை

பிள்ளை பெறும் தாய்க்குச் சம்பளத்துடன் லீவு கொடுப்பதை முதலாளியின் தயவென்று எண்ணுவோர் இன்றும் உளர். அது தயவன்று, உரிமை. இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் இயற்றப்பட்டது. பின்னாளில் லீவு 84 நாட்களாக உயர்ந்தபோதும், ஏற்கெனவே இரு பிள்ளைகள் உள்ள தாய்க்கு 42 நாட்களே கிடைத்தன. மூன்றாம் பிரசவத்தில் உடல் பாதி நாளில் தேறிவிடுமா? 2018ஆம் ஆண்டுத் திருத்தமே இவ்வநீதியை நீக்கி, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாட்கள் என விதித்தது. வேலைக்குத் திரும்பிய பின்னரும், குழந்தைக்கு ஓராண்டு நிறையும்வரை, பாலூட்டுவதற்கு நாளில் இருமுறை இடைவேளை உண்டு.

சட்டம் ஏட்டில் உறங்கினால் பயன் என்ன? நாளை தொழிலுக்குச் செல்லும் மாணவியரும், நாளை முதலாளிகளாகும் மாணவரும் இதனை இன்றே அறிந்திருத்தல் வேண்டும். அறியாத உரிமையை எவரும் கேட்பதில்லை. கேளாததை எவரும் கொடுப்பதுமில்லை.