மறுசுழற்சிப் பாடத்தில் மறைக்கப்படும் சாதி

ஆண்டுதோறும் சூன் 5 வந்தால் பள்ளிகளில் பிளாஸ்டிக் ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். காலி பாட்டிலில் பூந்தொட்டி செய்து கண்காட்சி வைக்கிறார்கள். கரும்பலகையில் மூன்று அம்புகள் கொண்ட மறுசுழற்சிச் சின்னம் வரையப்படுகிறது. பாடத்தில் பாட்டில் வருகிறது, ஆலை வருகிறது, புதிய பொருளும் வருகிறது. தெருவிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துத் தரம் பிரிக்கும் மனிதர் மட்டும் வருவதில்லை.

அவர் யார் என்று நமக்குத் தெரியும். தமிழ்நாட்டு நகரங்களில் தலைமுறை தலைமுறையாகக் குப்பை அள்ளுபவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். குறிப்பாக அருந்ததியரும் ஆதிதிராவிடரும். 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து அவர்கள் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் அமர்ந்திருந்தார்கள். இரவோடு இரவாகக் காவல்துறை அப்புறப்படுத்தியது. இவர்களைப் பேசாத மறுசுழற்சிப் பாடம் அரைப் பாடம்தான்.

ஆய்வுப் பணியின் ஊடே சில பள்ளிகளில் பிளாஸ்டிக் பயிலரங்கு நடத்தி வருகிறேன். ஓர் எட்டாம் வகுப்பில், கழுவிக் காயவைத்த பொருட்களை மேசையில் பரப்பி வகை பிரிக்கச் சொன்னேன். மற்றவர்கள் அடியில் அச்சிட்ட எண்ணைத் தேடிக்கொண்டிருக்க, ஒரு மாணவி கையால் கசக்கி, சத்தத்தை வைத்தே பிரித்துவிட்டார். "இது கடையில எடுப்பாங்க, இந்த சிப்ஸ் கவர் எடுக்க மாட்டாங்க" என்றார். சரியான விடை. பல அடுக்குகள் ஒட்டிய கவரைப் பிரித்தெடுப்பது கடினம். அதனால் காயலான் கடைக்காரர் அதை வாங்குவதில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அவங்கம்மா குப்பை வண்டி, சார்." வகுப்பு சிரித்தது. மாணவி தன் கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அந்த வகுப்பிலேயே அதிகம் அறிந்தவர் அவர். அந்த அறிவை அவமானமாக மாற்றச் சாதிக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது.

அப்படியானால் செய்முறையே வேண்டாம் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த ஐயத்துக்கு வரலாறு உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. அதைக் குலக்கல்வி என்று அம்பலப்படுத்திப் பெரியார் போராடினார். 1954இல் காமராசர் ஆட்சி கைவிட்டது. 2022இல்கூட, பட்டியல் சாதி மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்த புகாரில் பெருந்துறை அருகே ஒரு தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். கையால் செய்து கற்போம் என்று சொல்பவர்களிடம் யாருடைய கை என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் செய்முறையைக் கைவிட்டால் குப்பையைத் தொடும் சாதி, தொடாத சாதி என்ற பிரிவினை அப்படியே நீடிக்கும். எல்லாக் கைகளும் தொட வேண்டும். வருகைப் பதிவேட்டு எண் வரிசையில், முறை வைத்து, கையுறையோடு. பெற்றோர் தொழிலை வகுப்பில் கேட்கவே கூடாது. இந்த விதிகளை முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

அதன்பின் பாடம் தானே விரியும். தண்ணீர் பாட்டிலின் ஒரு துண்டையும் அதன் மூடியையும் வாளித் தண்ணீரில் போட்டால் துண்டு மூழ்கும், மூடி மிதக்கும். பெட் தண்ணீரைவிட அடர்த்தி கூடியது. மூடிக்குப் பயன்படும் பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் குறைந்தவை. பெட்டோடு சிறிதளவு பிவிசி கலந்தாலும் உருக்கும்போது தரம் கெடும் என்று சொன்னால், தரம் பிரிப்பது எவ்வளவு தேர்ச்சி கோரும் வேலை என்று விளங்கும். கணக்குப் பாடவேளையில், காயலான் கடையில் கிலோ விலை கேட்டுவந்து, ஒரு நாள் கூலி தேற எத்தனை பாட்டில் பொறுக்க வேண்டும் என்று கணக்கிடட்டும். சமூக அறிவியலில், கவர்களிலுள்ள நிறுவனப் பெயர்களை எண்ணிவிட்டு, 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளருக்கு விதிக்கும் பொறுப்பைப் படிக்கட்டும். புனேயில் குப்பை சேகரிப்போர் 1993இல் தொழிற்சங்கம் கட்டியதையும், அதன் தொடர்ச்சியாகக் கூட்டுறவு அமைத்து மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டதையும் படிக்கட்டும். அந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள்.

தூய்மைப் பணியாளரை மேடையேற்றிச் சால்வை போர்த்தி அனுப்பும் வழக்கம் போதும். அவருக்கு ஒரு பாடவேளையும் மதிப்பூதியமும் கொடுங்கள். ஆசிரியர் நாற்காலியில் அவர் அமர்ந்து, தரம் பிரிப்பதைச் சொல்லித் தரட்டும். ஊதியம் எவ்வளவு, கையுறை தருகிறார்களா, வேலை ஏன் நிரந்தரமில்லை என்று மாணவர்கள் கேட்கட்டும். சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, உழைப்பவர்களையே பிரிக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் விளக்கினார். அதை எட்டாம் வகுப்பு மாணவருக்குப் புரியவைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக் கல்வித்துறை இதற்கொரு வழிகாட்டி நெறிமுறை வெளியிட வேண்டும். சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு வாளித் தண்ணீரும், எண் வரிசையும், காலியான ஒரு நாற்காலியும் எல்லாப் பள்ளியிலும் உண்டு.