கைமாற்று ஊசி

போன மார்ச்சில் என்னை ஒரு நாய் கடித்துவிட்டது. தெருமுனையில் தினம் பார்க்கிற நாய்தான். பொறைகூட வாங்கிப் போட்டிருக்கிறேன். நன்றி என்பதெல்லாம் சினிமாவில்தான் போலிருக்கிறது.

கணுக்காலுக்கு மேலே இரண்டு பல். ரத்தம். மாமியார் சுண்ணாம்பு தேடினார். "நம்ம தெரு நாய்தானே சார், ஒண்ணும் ஆகாது" என்றார் எதிர்வீட்டுக்காரர். இயர் எண்டிங் கவலையில் நானும் ஷூவை மாட்டக் கிளம்பினேன். மனைவிதான் குழாயடியில் உட்கார வைத்து, கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குத் துரத்தினாள்.

அங்கே கையில் ஓர் ஊசி; கடிவாயைச் சுற்றி இன்னொன்று. அலறி முடித்ததும், "எதுக்கு டாக்டர் ரெண்டு?" என்றேன்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"அப்ப சுலபம்."

கிருமியில் நம் உடம்பு அடையாளம் கண்டுகொள்கிற பகுதிக்குப் பெயர் ஆன்டிஜென். செக்கில் இருக்கும் கையெழுத்து மாதிரி. அது சரியில்லை என்று தெரிந்ததும் வெள்ளையணுக்களில் டி செல் என்கிற ஆபீசர் சாங்ஷன் கொடுப்பார். பி செல் என்கிற இன்னொருவர் அந்தக் கிருமிக்கென்றே அளவெடுத்து ஆன்டிபாடி தயாரிப்பார். கையில் போட்ட தடுப்பூசியில் இருப்பது செத்த வைரஸ். அதைக் காட்டித்தான் உடம்பை வேலை வாங்குகிறார்கள்.

ஆனால் ஃபைல் நகர 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை? தடுப்பூசி போட்ட மனிதர் அல்லது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த ரெடிமேட் ஆன்டிபாடியைக் கடிவாயிலேயே இறக்கிவிடுகிறார்கள். அதுதான் இம்யூனோகுளோபுலின்.

"இது கைமாற்று. சில வாரத்துல தீர்ந்துடும். தடுப்பூசிதான் சொந்தச் சம்பாத்தியம். மெமரி செல்னு ஒரு லெட்ஜர்ல பதிவாயிடும். மறுபடி கடிச்சா கைமாற்று வேண்டாம், ரெண்டு ஊசி போதும்."

"வராம இருந்திருந்தா?"

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "வைரஸ் நரம்பு வழியா மூளைக்குப் போகும். மெதுவாத்தான் போகும். அந்த அவகாசம்தான் நம்ம மூலதனம். அறிகுறி வந்தப்புறம் வந்தா, எங்க கையில அநேகமா எதுவும் இல்லை."

ஷூ மாட்டிய கால் சில்லிட்டது.

நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார். தினமும் ஆபீஸ் போகுமுன் தேடிப் போய் அதன் க்ஷேமம் விசாரித்தேன். மாமனாருக்குக்கூட அப்படிச் செய்ததில்லை. நாய் நன்றாகவே இருந்தது. ஆனாலும் 3, 7, 14, 28 என்று மிச்ச ஊசிகளையும் போட்டு முடித்தேன்.

இப்போது லெட்ஜர் தயார். நாயிடம் மட்டும் சொல்லவில்லை.